அன்னையின் கைகள்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அருகே உள்ள அரண்மனைக்காரன் தெருவுக்கு நம் வாசகியருள் பலர் போயிருப்பீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் அங்குள்ள புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு வரும் கூட்டம் கொஞ்சநஞ்சமன்று. ஆனால் அந்தத் தெருவுக்கும் அரண்மனைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஆர்மீனியன் தெரு. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம்மவர் நாவில் புரண்டு புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. எங்கிருந்தோ வந்த ஓர் இனத்தாருக்கு நம் மக்கள் ஆளுக்கொரு அரண்மனையே கொடுத்துவிட்டார்கள்!

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே உள்ள மலைநாட்டு மக்கள் ஆர்மீனியர். நோவாவின் பேழை தங்கியதாக மறைநூல் கூறும் அரராத் மலை அவர்கள் நெஞ்சில் நிறைந்த மலை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற முதல் நாடு அவர்களுடையது. வணிகத்தின்பொருட்டுப் பல நாடுகளுக்கும் போன இவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். அரண்மனைக்காரன் தெருவில் நிற்கும் ஆர்மீனியரின் தேவமாதா ஆலயம் 1712இல் எழுந்து, 1772இல் இப்போதுள்ள வடிவைப் பெற்றது. உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது அவர்கள் தாயகத்தில் அன்று, நம் சென்னையில். அதை வெளியிட்டவர் ஓர் ஆர்மீனியக் குரு. பரங்கிமலைக்குப் படிகள் அமைத்ததும், சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726இல் பாலம் கட்டியதும் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். அவர் 1751இல் இறந்தபோது உடலைச் சென்னையிலேயே அடக்கம் செய்து, அவருடைய விருப்பப்படி இதயத்தை மட்டும் பாரசீகத்திலுள்ள ஜூல்பா நகருக்கு அனுப்பினார்கள் என்று சொல்வர்.

உடல் ஓரிடம், இதயம் வேறிடம். எங்கள் ஓவிய மன்றத்துக்கு இவ்வாண்டு தரப்பட்ட பொருள் 'ஓவியரும் பிறந்த மண்ணும்' என்பது. பலரைப்பற்றிப் படித்தோம். படிக்கப் படிக்க எங்களை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஓர் ஆர்மீனிய ஓவியரே. உஸ்கான் பொருள் தேடும் வணிகராக நம்மிடம் வந்தார். இவரோ தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர். இதயத்தைத் திருப்பி அனுப்பலாமென்றால், அங்கே வாங்கிக்கொள்ளவும் ஒருவருமில்லை. அவரை உலகம் ஆர்ஷைல் கார்க்கி என்று அறியும்.

இது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அவருடைய இயற்பெயர் வோஸ்தானிக் மனூக் அதோயன். இன்று துருக்கி நாட்டின் கிழக்குப் பகுதியில் இருக்கும் வான் ஏரிக்கரையில், கோர்க்கோம் என்னும் சிற்றூரில் 1904 அளவில் பிறந்தார். ('வான்' என்பது அங்கே வெறும் ஊர்ப்பெயர், நம் ஆகாயத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் அப்பெயரைப் படிக்குந்தோறும் எங்களுக்கு நீலநிறமே நினைவுக்கு வருகிறது.) கடல்போல் விரிந்த உவர்நீர் ஏரி அது. கரையிலிருந்து பார்த்தால் அக்தமார் என்னும் தீவும், அதன்மேல் 915 முதல் 921 வரை கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயமும் தெரியும். அந்த ஆலயத்தின் வெளிச்சுவர்களிலேயே மறைநூல் கதைகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. யோனாவைப் பெரிய மீன் விழுங்குவதும், தாவீது கோலியாத்தை எதிர்த்து நிற்பதும், திராட்சைக்கொடி சுற்றிச் சுற்றிப் படர்வதும் அங்கே உண்டு. நம் ஊர்ச் சிறுவர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே கதை கற்றதுபோல, அவ்வூர்ச் சிறுவர் இச்சுவர்களைப் பார்த்துக் கற்றிருப்பர்.

தாயின் பெயர் ஷூஷான். அவர் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். (ஆர்மீனியத் திருச்சபையில் பங்குக் குருக்கள் மணமானவர்களாக இருப்பதுண்டு.) தந்தை, மகன் சிறுவனாக இருக்கும்போதே பிழைப்புத் தேடி அமெரிக்கா போய்விட்டார். பின்னாளில் குடும்பத்தையும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. நாள்கள் ஆண்டுகளாயின.

1912இல் ஷூஷான் ஒரு காரியம் செய்தார். மகனை அழைத்துக்கொண்டு வான் நகரத்தில் ஒரு புகைப்படக்காரரிடம் போனார். தாய் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தலையில் முக்காடு; கைகள் மடியில்; உடைக்கு முன்னே பூவேலை நிறைந்த நீண்ட ஏப்ரன். பக்கத்தில் கோட்டு அணிந்த மகன், கையில் சின்னப் பூங்கொத்துடன் நிற்கிறான். இருவரும் சிரிக்கவில்லை. அந்தப் படம் அமெரிக்காவிலிருந்த தந்தைக்கு அனுப்பப்பட்டது. வளைகுடா நாட்டுக்கோ மலேசியாவுக்கோ தந்தையை அனுப்பிவிட்டு, விழா நாளில் குடும்பமாகப் படம் எடுத்து அனுப்பிய இல்லங்கள் நம் மாணவியரிடையே எத்தனை! அந்தப் படம் சொல்லும் செய்தி எந்த மொழியிலும் ஒன்றுதான்: நாங்கள் இங்கே இருக்கிறோம்; எங்களை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாண்டுக்குள் அந்த 'இங்கே' இல்லாமற் போயிற்று. முதல் உலகப்போரின்போது, 1915இல், அன்றைய உதுமானியப் பேரரசு தன் குடிமக்களான ஆர்மீனியரை ஊர் ஊராகப் பெயர்த்துப் பாலைவனங்களை நோக்கி நடத்தியது. பலரைக் கொன்றது. மாண்டவர் பத்து லட்சம் அளவில் இருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் பலரின் கணக்கு. இதை ஆர்மீனிய இனப்படுகொலை என்று வரலாறு குறிக்கிறது. துருக்கி அரசு இச்சொல்லை இன்றும் ஏற்பதில்லை. வான் நகரத்து ஆர்மீனியர் ஏப்ரல் மாதத்தில் எதிர்த்து நின்று, ரஷ்யப் படை வரும்வரை நகரைக் காத்தனர். ஆனால் கோடையில் ரஷ்யப் படை பின்வாங்கவே, மக்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதன்பின் புறப்பட்டனர். ஷூஷானும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நாள்கணக்கில் நடந்து எல்லையைக் கடந்து யெரெவான் பக்கம் சேர்ந்தார்கள். மூத்த பெண்கள் இருவர் அமெரிக்காவுக்குப் போக, தாயும் மகனும் இளைய மகள் வார்தூஷும் எஞ்சினர். அகதிகளால் நிரம்பி வழிந்த அந்நகரில் உணவில்லை, விறகில்லை, நோய் மட்டும் தாராளமாக இருந்தது. கையில் கிடைத்ததைப் பிள்ளைகளுக்கே கொடுத்து வந்த ஷூஷான் 1919 மார்ச்சில் பட்டினியால் இறந்தார். நாற்பதை ஒட்டிய வயது. மகனுக்கு ஏறக்குறையப் பதினைந்து.

அடுத்த ஆண்டு, 1920இல், அண்ணனும் தங்கையும் எப்படியோ கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினர். தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அந்தப் புகைப்படம் இருந்தது.

இதற்குப்பின் நடந்ததுதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. இளைஞர் மனூக் சிறிது காலம் ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1924 அளவில் நியூயார்க் வந்து சேர்ந்தபோது மனூக்காக வரவில்லை. 'ஆர்ஷைல் கார்க்கி' என்ற புதுப்பெயருடன் வந்தார். தாம் ஒரு ரஷ்யர் என்றார். எழுத்தாளர் மாக்சிம் கார்க்கிக்கு உறவினர் என்றார். புகழ்பெற்ற ஓவியர் காந்தின்ஸ்கியிடம் பயின்றதாகவும் சொல்லிக்கொண்டார். எல்லாம் கற்பனை. இதில் வேடிக்கை என்னவென்றால், மாக்சிம் கார்க்கி என்பதே ஒரு புனைபெயர். 'கார்க்கி' என்றால் ரஷ்ய மொழியில் கசப்பு. இரவல் பெயருக்கு மேல் ஓர் இரவல்! நம் தமிழ் வாசகர் பலர் மாக்சிம் கார்க்கியைத் 'தாய்' என்ற நாவலைக்கொண்டே அறிவர். தாயை இழந்த பிள்ளை அந்தப் பெயரையே தேர்ந்துகொண்டது தற்செயலாகவே இருக்கலாம்.

ஏன் இந்த மறைப்பு? எங்கள் மன்றத்தில் இதைப்பற்றி வாக்குவாதமே நடந்தது. பொய் பொய்தானே என்றனர் சிலர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அக்கால அமெரிக்காவைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆர்மீனிய அகதிகளுக்காக அங்கே ஊரெங்கும் நிதி திரட்டினார்கள். நல்ல மனத்தோடுதான் செய்தார்கள். அதன் விளைவாகச் 'பட்டினி கிடக்கும் ஆர்மீனியர்' என்பது வீட்டுக்கு வீடு வழங்கும் ஒரு வாசகமாகிவிட்டது. தட்டில் சோற்றை மிச்சம் வைக்கும் பிள்ளையிடம் அமெரிக்கத் தாய்மார், பட்டினி கிடக்கும் ஆர்மீனியரை நினைத்துப் பார் என்று சொல்வார்களாம். தன் தாய் பட்டினியால் சாவதைப் பக்கத்திலிருந்து கண்ட ஒருவர் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? நான் ஆர்மீனியன் என்று அவர் வாய் திறந்தால் எதிரே இருப்பவர் கண்ணில் முதலில் தோன்றுவது ஓர் உண்டியல். இரக்கத்துக்கும் ஒரு பாரம் உண்டு. அவர் செய்ததைச் சரியென்று நாங்கள் வாதாடவில்லை. ஏன் செய்தார் என்பது எங்களுக்கு விளங்குகிறது.

வாய் மறைத்ததைத் தூரிகை மறைக்கவில்லை. 1926 அளவில் அந்தப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு 'ஓவியரும் அவர் அன்னையும்' என்ற படத்தைத் தொடங்கினார். ஒன்றன்று, இரண்டு. இரண்டும் ஏறத்தாழ ஐந்தடி உயரம். ஒன்றில் ஏறத்தாழப் பத்தாண்டுகளும் மற்றொன்றில் 1942 வரையிலும் வேலை செய்துகொண்டே இருந்தார். நியூயார்க்கில் ஓவிய ஆசிரியராக இருந்த காலத்திலும், பொருளாதார மந்தத்தில் அரசு கொடுத்த சுவரோவிய வேலையைச் செய்த காலத்திலும், கையில் காசில்லாத காலத்திலும் இந்த இரு படங்களும் அவர் கூடத்தில் சாய்ந்து நின்றன. வந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெண் யாரென்று முழுக்கதையும் தெரியாது.

நாம் பார்ப்பவை நூல்களில் வரும் அச்சுப்படங்களே. அவற்றிலும் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, படம் வழவழப்பாக இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் தூரிகையின் தடம் மேடுபள்ளமாகத் தெரிவது இயல்பு. இங்கே அது இல்லை. காரணம் அவர் கையாண்ட முறை. வண்ணத்தைப் பூசி, அது நன்றாகக் காயும்வரை காத்திருந்து, சவர அலகால் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிடுவார். பிறகு மறுபடியும் பூசுவார், மறுபடியும் சுரண்டுவார். சுரண்டிய தூளைக் குளியல் தொட்டியில் வைத்துக் கழுவுவாராம். இப்படிப் பலமுறை செய்தபின் பரப்பு பீங்கான்போல் ஆகிவிட்டது. வரைவதும் அழிப்பதும் ஒரே வேலையாகிப்போன இந்த முறையைக் கேட்டபோது, சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்து மீண்டும் மீண்டும் எழுதிய பாலர் வகுப்பு எங்களுக்கு நினைவு வந்தது. ஆனால் சிலேட்டில் சரியாக வந்ததும் நிறுத்திவிடுவோம்.

இரண்டாவது, தாயின் முகம். புகைப்படத்தில் அவர் சற்றுக் களைத்த ஓர் இளம் தாய், அவ்வளவே. ஓவியத்திலோ வெளிறிய, அசைவற்ற, அகன்ற கண்களுடைய முகம். பழைய ஆர்மீனிய ஏடுகளிலும் கீழைத் திருச்சபைகளின் திருவுருவங்களிலும் காணும் புனிதையரின் பார்வை அது. அருங்காட்சியகத்தில் அவர் ஆவலோடு பார்த்துவந்த பழங்கால எகிப்திய ஈமப் படங்களின் சாயலும் உண்டென்பர். இறந்தவரின் முகத்தை மரப்பலகையில் எழுதி உடலோடு வைக்கும் படங்கள் அவை. ஷூஷானுக்கு அப்படி முறையான அடக்கம் எங்கே நடந்தது?

மூன்றாவது, ஏப்ரன். புகைப்படத்தில் பூவும் கொடியுமாக இருந்த அந்தத் துணி, ஓவியத்தில் வெறுமையாக இருக்கிறது. ஒரு பூவும் இல்லை. பெரிய வெளிர்ப்பரப்பு. பொறுமையாகப் பத்தாண்டு உழைத்தவர் சோம்பலால் பூவேலையை விட்டிருக்க முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி, கைகள். இரண்டு ஓவியங்களிலும் தாயின் கைகள் முடிக்கப்படவில்லை. விரல் இல்லை, நகம் இல்லை, வெள்ளைத் துணியால் சுற்றியதுபோல், மடிமீது இரண்டு மங்கலான வடிவங்கள். முகத்தை அவ்வளவு நுணுக்கமாக முடித்தவர் கைகளை அப்படியே விட்டார். கை வரைவது கடினம் என்பது ஓவியம் பயிலும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களில் பலர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தே பெண் உருவம் வரைகிறோம். கார்க்கிக்கு அந்தக் குறை இல்லை. அவருடைய கோட்டோவியங்களைக் கண்டவர் அவருக்குக் கை வரையத் தெரியாதென்று சொல்லத் துணியார். அப்படியானால் ஏன்?

அறிஞர்கள் பலவாறு கூறுகின்றனர். முடிக்காமல் விடுவதே நவீன ஓவியத்தின் ஒரு வழக்கம் என்பது ஒரு கருத்து. அவர் போற்றிய பிக்காசோவும் அப்படிச் செய்தவரே. சாவு முதலில் தொடுவது கைகளை, ஆகவே உயிர் நீங்கியதைக் காட்டினார் என்பது இன்னொன்று. ஆர்மீனிய வழித்தோன்றலான கனடா நாட்டு இயக்குநர் ஆட்டம் எகோயன் 2002இல் எடுத்த 'அரராத்' என்ற திரைப்படத்தில், கார்க்கி தாம் வரைந்த கைகளைத் தம் விரலாலேயே தேய்த்து அழிப்பதாக ஒரு காட்சி வருகிறது. அது இயக்குநரின் கற்பனை. எங்களுக்குத் தோன்றுவது இன்னும் எளியது. முகத்துக்குப் புகைப்படம் இருந்தது. பார்த்துப் பார்த்து எழுதலாம். கைகள் அப்படியல்ல. ரொட்டி பிட்டுக் கொடுத்தவை, நடைப்பயணத்தில் பிடித்துக்கொண்டவை, கடைசியில் ஒன்றும் கொடுக்க இல்லாதவை. அவற்றைப் புகைப்படத்தைப் பார்த்து எழுத அவருக்கு மனம் வரவில்லை போலும்.

சிலர் இந்த ஓவியத்தைத் துயருற்ற அன்னையின் படங்களோடு ஒப்பிடுவர். அங்கே தாய் இறந்த மகனை ஏந்தியிருக்கிறாள். இங்கே இறந்தவள் தாய், மகன் நிற்கிறான். நிற்பதும் சிறிது விலகியே.

1930களின் நடுவிலிருந்து கார்க்கியின் படங்களில் உருவங்கள் கரைந்து, வண்ணமும் கோடுமாக மாறத் தொடங்கின. இவ்வகைப் படங்களைப் பார்த்ததும் "இது என்ன கிறுக்கல்?" என்று நம்மில் பெரும்பாலோர் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். நாங்களும் அதையே செய்திருப்போம், தலைப்புகளைக் கவனித்திராவிட்டால். அக்காலப் படங்கள் சிலவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'கோர்க்கோமில் ஓர் உருவம்'. நியூயார்க்கில் யாருக்கு அது ஓர் ஊரின் பெயரென்று தெரியும்? நடுக்கடைத்தெருவில் நின்று உரக்கச் சொல்லியும் எவரும் புரிந்துகொள்ள முடியாத ரகசியம் அது.

அதற்கடுத்து வந்த வரிசைக்குச் 'சோச்சியில் ஒரு தோட்டம்' என்று பெயர். சோச்சி என்பது கருங்கடற்கரையிலுள்ள ரஷ்ய நகரம். மறுபடியும் வேடம் போட்டுக்கொண்டார். ஆனால் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தார் 1942இல் அந்தப் படத்தைப்பற்றி விளக்கம் கேட்டபோது அவர் எழுதிக்கொடுத்தது தம் தந்தையின் தோட்டத்தைப்பற்றி. நிழலில் நிற்கும் ஆப்பிள் மரங்கள்; காட்டுக் கேரட்டுச் செடிகள்; கறுப்பு மண்ணில் பாதி புதைந்த நீலப் பாறை; அதனருகே வெயிலாலும் மழையாலும் வெளுத்து இலையின்றி நின்ற ஒரு பெருமரம். அது புனித மரம். அவ்வழியே போவோர் தம் ஆடையில் ஒரு துண்டைக் கிழித்து அதன் கிளையில் கட்டிவிட்டுப் போவர். ஆண்டுக்கணக்கில் கட்டிய துண்டுகள் காற்றில் கொடிகளாகப் படபடக்கும்.

இதைப் படித்தபோது எங்களில் வேளாங்கண்ணிப் பக்கத்து மாணவி ஒருத்தி, "இது எங்க ஊரு மாதிரியே இருக்கே!" என்றாள். உண்மைதான். மரக்கிளையில் தொட்டிலும் மஞ்சள் நூலும் கட்டி வேண்டிக்கொள்ளும் வழக்கத்தை நம் நாட்டில் எந்தச் சமயத்தாரிடமும் காணலாம். இப்போது அந்தப் படத்தை மீண்டும் பாருங்கள். பசுமையோ மஞ்சளோ ஆன ஒரு பரப்பில் சிவப்பும் நீலமும் கறுப்புமாக மிதக்கும் துண்டுகள் கிறுக்கலாகத் தோன்றவில்லை. கட்டிய துணிகள் காற்றில் அசைகின்றன.

1943 கோடையில் மனைவியின் பெற்றோருக்கு வர்ஜீனியா மாநிலத்திலிருந்த பண்ணைக்குப் போனார். புல்வெளியில் தரையோடு தரையாகக் குனிந்து அமர்ந்து, புல்லையும் விதையையும் பூச்சியையும் பார்த்து வரைந்தார். அமெரிக்கப் புல்லில் வான் ஏரிக்கரையின் புல் முளைத்துவிட்டது எனலாம். அடுத்த ஆண்டு எழுதிய ஒரு படத்தின் தலைப்பு: 'என் அன்னையின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் எவ்வாறு விரிகிறது'. இவ்வளவு நீண்ட தலைப்பு! இப்போது சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இப்படத்தில் தாயின் முகமுமில்லை, ஏப்ரனுமில்லை. மெல்லிய வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து, நீர்பட்ட துணியில் சாயம் பரவுவதுபோல் பரவுகின்றன. இடையிடையே பூவென்றும் இலையென்றும் சொல்லத்தக்க கோடுகள். முன்பு பத்தாண்டுகளாகச் சுரண்டிச் சுரண்டி வெறுமையாக வைத்திருந்த துணியிலிருந்து அந்தப் பூக்கள் எங்கே போயின என்று தேடினோமே, அவை இங்கே இருக்கின்றன. சிறுவயதில் தாயின் மடியில் முகம் புதைத்துக் கதை கேட்ட பிள்ளைக்கு அந்தக் கதையும் துணியின் பூவேலையும் ஒன்றாகவே கலந்து நினைவிருந்திருக்கும். தாயின் முந்தானையில் முகம் துடைத்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

1946, 1947 ஆண்டுகளில் 'ஏரும் பாட்டும்' என்ற படத்தைப் பலமுறை எழுதினார். கோர்க்கோம் வயல்களில் மரக்கலப்பை கொண்டு உழுவோர் பாடிக்கொண்டே உழுவர். ஏர்ப்பாட்டு நமக்கும் சொந்தம் அன்றோ? நம் பள்ளியில் கிராமத்திலிருந்து வரும் மாணவியரைக் கேட்டால், தங்கள் பாட்டனார் காலத்தோடு அது நின்றுவிட்டதென்பார்கள். கார்க்கி அதைப் படமாக எழுதிய நாளில் அவ்வூரில் பாடுவதற்கு ஆர்மீனியர் யாரும் இல்லை.

அவருடைய கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1946 ஜனவரியில் அவருடைய ஓவியக் கூடம் தீப்பிடித்துப் பல படங்கள் சாம்பலாயின. அதே ஆண்டு புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை. 1948 ஜூனில் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, வரையும் கை சிலகாலம் செயலற்றது. குடும்பமும் பிரிந்தது. அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அதைப்பற்றி விரித்தெழுத எங்களுக்கு விருப்பமில்லை. இதைப் படிக்கும் தங்கையருக்கு ஒன்று மட்டும்: நெஞ்சில் பாரம் ஏறும்போது ஆசிரியையிடமோ சகோதரியிடமோ அம்மாவிடமோ வந்து சொல்லுங்கள். தம் பெயரைக்கூட யாரிடமும் சொல்லாத மனிதர் தம் பாரத்தை யாரிடம் சொல்லியிருப்பார்?

அவர் மனைவிக்கே கணவரின் உண்மைப் பெயர் அவர் இறந்த பிறகுதான் தெரியவந்தது. பிறகு மெல்ல மெல்லச் செய்திகள் வெளிவந்தன. தங்கை வார்தூஷ் பேசினார். 1978இல் தங்கையின் மகன், தம் மாமா எழுதியவை என்று பல கடிதங்களை வெளியிட்டார். ஆர்மீனிய மண்ணையும் அன்னையையும் உருகி உருகிப் பேசும் அழகிய கடிதங்கள். பல நூல்களில் அவை மேற்கோளாயின. பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் மூலத்தைத் தேடிப்போனபோது, அவற்றுள் பல கார்க்கி எழுதியவை அல்ல, மருமகன் தாமே புனைந்தவை என்று கண்டனர். பழைய நூல்களில் அந்த உருக்கமான வரிகளைக் காணும் மாணவியர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பேச்சுப்போட்டிக்கு எடுத்துக்கொள்ளத் தோன்றும். தாயைப்பற்றி ஓவியர் நாலு வார்த்தை சொல்லியிருக்கமாட்டாரா என்று எல்லாருக்கும் ஏக்கம். ஆனால் அவர் சொற்களில் அவ்வளவாகச் சொல்லவில்லை. இருப்பது படங்களே.

'ஓவியரும் அவர் அன்னையும்' படங்களுள் ஒன்று 1950இல் அவருடைய இரு பெண்களின் பெயரால் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது. மற்றொன்றை 1979இல் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடம் வாங்கியது. ஒன்றில் பழுப்பும் வெண்மையும் மிகுதி. மற்றதில் செந்நிறச் சாயல் கூடியிருக்கிறது. அக்தமார் தீவு ஆலயம் பலகாலம் பாழாய்க் கிடந்து, செப்பனிடப்பட்டு 2007இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2010 செப்டம்பரில் அங்கே, ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப்பின், முதன்முறையாகத் திருப்பலி நடந்தது.

இவ்வாண்டுக் கலைக் கண்காட்சியில் இரண்டு ஓவியங்களின் அச்சுப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருப்போம். நடுவே 1912ஆம் ஆண்டுப் புகைப்படமும் இருக்கும். பெற்றோரும் வந்து பார்க்கவேண்டும். முதலில் மூன்று முகங்களையும் பாருங்கள். பிறகு மடியைப் பாருங்கள். கீழே மேசைமேல் தாளும் பென்சிலும் வைத்திருப்போம். விரும்புவோர் தத்தம் அன்னையின் கையைப் பார்க்காமல், நினைவிலிருந்து வரைந்து பார்க்கலாம்.